தைமோசின்: தூண்டுமா, அடக்குமா?

(நோய் எதிர்ப்பியல் ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற பேராசிரியர் வாசகர் கேள்விகளுக்குப் பதிலளிக்கும் பகுதி)

போன இதழில் தைமஸ் சுரப்பியைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதினேன். நெஞ்செலும்புக்குப் பின்னால் இருந்துகொண்டு, டி செல்கள் என்ற வெள்ளையணுக்களைப் பக்குவப்படுத்தி அனுப்பும் சுரப்பி அது. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நோய் எதிர்ப்பு மண்டலத்தைத் தொடுகிற ஒரே பொருளைப் பற்றித்தான்: தைமோசின் ஆல்பா-1. அலர்ஜிக் கேள்விகள் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும்.

கேள்வி: என் தம்பி உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்ததிலிருந்து பெப்டைடு பெப்டைடு என்று அலைகிறான். தைமோசின் ஆல்பா-1 என்று ஒரு சின்னக் குப்பியை இணையத்தில் வரவழைத்து ஃப்ரிட்ஜில் வைத்திருக்கிறான். "உடம்பே சுரக்கிற பொருள்தானே அக்கா, எதிர்ப்பு சக்தி ஏறும், பக்கவிளைவு கிடையாது" என்கிறான். போட்டுக்கொள்ளலாமா?

உடம்பே சுரக்கிற பொருள் என்பதுவரை உண்மை. அங்கிருந்து அவர் தாவுகிற இடம்தான் சரியில்லை. இன்சுலினும் உடம்பு சுரப்பதுதான். வேண்டாதவருக்கு ஊசி போட்டால் ஆளையே சாய்த்துவிடும்.

முதலில் பொருள் என்னவென்று பார்த்துவிடுவோம். அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த சிறு சங்கிலிக்குத்தான் பெப்டைடு என்று பெயர். தைமோசின் ஆல்பா-1-ல் 28 அமினோ அமிலங்கள் இருக்கின்றன. அளவில் இன்சுலினில் பாதியைவிடக் கொஞ்சம் பெரிது. 1966-ல் நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியில் ஆலன் கோல்ட்ஸ்டீன், ஆப்ரஹாம் வைட் குழுவினர் கன்றுக்குட்டியின் தைமஸிலிருந்து ஒரு சாரத்தைப் பிரித்தெடுத்து, அதற்குத் தைமோசின் என்று பெயர் வைத்தார்கள். அது ஒற்றைப் பொருளல்ல, பல பெப்டைடுகள் கலந்தது. அதற்குள்ளிருந்து இந்த ஒன்றைத் தனியாகப் பிரித்து, அதன் அமினோ அமில வரிசையைக் கோல்ட்ஸ்டீன் குழு வெளியிட்டது 1977-ல். கன்றிடம் இருக்கும் வரிசையும் நம்மிடம் இருக்கும் வரிசையும் ஒன்றேதான், ஓர் இடத்தில்கூட வித்தியாசம் இல்லை.

உடம்பு இதை நேரடியாகத் தயாரிப்பதில்லை. புரோதைமோசின் ஆல்பா என்று நூற்றுச் சொச்சம் அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதம் ஏறக்குறைய எல்லா செல்களிலும் இருக்கிறது. அதன் முன்பக்கத்திலிருந்து 28-ஐ மட்டும் லெகுமெய்ன் என்ற நொதி வெட்டி எடுக்கிறது. ஆகவே "தைமஸில் மட்டும் சுரப்பது" என்று விளம்பரங்கள் சொல்வதும் முழுக்கச் சரியில்லை. தைமஸில் அதிகம், அவ்வளவுதான்.

இதையே ஆலையில் செயற்கையாகத் தயாரித்தால் அது தைமால்ஃபாசின் என்ற மருந்து. தோலுக்கடியில் 1.6 மில்லிகிராம், வாரம் இரண்டு முறை என்பது வழக்கமான அளவு. சில நாடுகளில் ஹெபடைட்டிஸ் பி சிகிச்சைக்கு அனுமதி உண்டு, அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் எஃப்.டி.ஏ. அமைப்பு அனுமதிக்கவில்லை. ஒழுங்காகத் தயாரித்த மருந்துக்குப் பக்கவிளைவு குறைவு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: பெரும்பாலும் ஊசி போட்ட இடத்தில் எரிச்சல், சிவப்பு, அதற்கு மேல் அபூர்வம்.

ஆனால் உங்கள் தம்பியின் ஃப்ரிட்ஜில் இருப்பது அந்த மருந்துதானா? இணையத்தில் வரும் இந்தக் குப்பிகளில் பலவற்றின் லேபிளில் "ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர்களுக்கு அல்ல" என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விற்றவர் தப்பித்துக்கொள்வதற்காக எழுதிய வரி அது.

எனக்கு இதில் பெரிய பயம் பெப்டைடைப் பற்றி அல்ல, அதோடு கூட வருவதைப் பற்றி. ஆய்வகத்தில் புதிதாக வந்த ஒரு பெப்டைடு வெள்ளையணுக்களைத் தாறுமாறாகத் தூண்டினால் நாங்கள் யாரும் குதிக்க மாட்டோம். முதலில் எண்டோடாக்சின் கலந்திருக்கிறதா என்று பார்ப்போம். சில வகை பாக்டீரியாக்களின் வெளிச்சவ்விலிருந்து உதிரும் துணுக்கு அது. பாக்டீரியாவைக் கொன்றாலும் துணுக்கு போகாது. கொதிக்க வைத்தாலும் அவ்வளவு சுலபத்தில் அழியாது, கிருமி வடிகட்டியிலும் சிக்காது. நானோகிராம் கணக்கில் ரத்தத்தில் கலந்தாலே குளிர்க்காய்ச்சல் வரும்.

அதைக் கண்டுபிடிக்கும் சோதனை பார்க்க அழகாக இருக்கும். குதிரைலாட நண்டின் ரத்த அணுக்களிலிருந்து எடுத்த திரவத்தைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் விட்டு, அதே அளவு மாதிரியைச் சேர்த்து, 37 டிகிரியில் ஒரு மணி நேரம் ஆட்டாமல் அசைக்காமல் வைக்க வேண்டும். பிறகு குழாயை அப்படியே தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். திரவம் வழிந்து வந்தால் தேறியது. உறைந்துபோய் அடியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றால் குப்பை. யாராவது பக்கத்தில் வந்து மேஜையைத் தட்டிவிட்டால் உறைந்ததும் கலைந்துபோகும், மறுபடி முதலிலிருந்து. அதனால் அந்த ஒரு மணி நேரம் ஆய்வகத்தில் நடக்கவே பயப்படுவோம்.

தம்பியின் குப்பிக்கு இந்தச் சோதனை நடந்ததற்கு என்ன அத்தாட்சி இருக்கிறது? ஊசி போட்ட ராத்திரி உடம்பு லேசாகக் காய்ந்தால் "ஆகா, வேலை செய்கிறது" என்று சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேலை செய்தது பெப்டைடாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

இன்னொன்று. வயதானவர்களுக்கும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் தடுப்பூசியோடு சேர்த்து இதைக் கொடுத்துப் பார்த்த சிறு ஆய்வுகள் உண்டு. அவற்றில் ஆன்டிபாடி கூடியது. நன்றாக இருக்கிற இளைஞருக்கு இதனால் சளி, காய்ச்சல் குறையும் என்று காட்டிய நம்பத்தகுந்த ஆய்வு எதையும் நான் பார்க்கவில்லை. போட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

கேள்வி: உயிரியல் முதுகலை மாணவி நான். ஒரு கட்டுரையில் தைமோசின் ஆல்பா-1 டி செல்களைத் தூண்டும் என்கிறார்கள். இன்னொன்றில் அழற்சியை அடக்கும் என்கிறார்கள். தேர்வில் எதை எழுதுவது?

இரண்டையும் எழுதுங்கள். ஏன் இரண்டும் என்பதையும் எழுதினால் மதிப்பெண் கூட விழும்.

இந்தப் பெப்டைடு டி செல்லிடம் நேராகப் போய்ச் செய்வதைவிட, அதற்கு ஒரு படி முன்னால் நிற்கும் டென்ட்ரிடிக் செல்லிடம் செய்வதுதான் முக்கியம். தோல், நுரையீரல், குடல் என்று கிருமி நுழையக்கூடிய இடங்களில் எல்லாம் டென்ட்ரிடிக் செல்கள் இருக்கின்றன. கிருமியைப் பிடித்து, துண்டு போட்டு, நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுபோய் டி செல்லுக்குக் காட்டுகின்றன. வெறுமனே காட்டுவதோடு நிறுத்துவதில்லை. காட்டும்போது எந்தச் சைட்டோகைனை (செல்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பும் புரதம்) சுரக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் அந்த டி செல் தாக்குகிற வகையாக மாறுமா, அடக்குகிற வகையாக மாறுமா என்பது தீர்மானமாகிறது.

டென்ட்ரிடிக் செல்லில் டி.எல்.ஆர். என்ற உணர்விகள் உண்டு. அவற்றில் 9-ஆம் எண் உணர்வி செல்லுக்கு உள்ளே, சிறு பைகளின் சவ்வில் இருக்கிறது. பாக்டீரியா, வைரஸ்களின் டி.என்.ஏ.வை அடையாளம் காண்பது அதன் வேலை. இத்தாலியின் பெருஜியா பல்கலைக்கழகத்தில் லூயிஜினா ரொமானி குழு 2004-ல் காட்டியது: தைமோசின் ஆல்பா-1 இந்த வழியாக டென்ட்ரிடிக் செல்களை எழுப்பி, பூஞ்சையை எதிர்க்கும் டிஎச்1 வகை டி செல்களை உருவாக்குகிறது. இது தூண்டும் பக்கம்.

அதே குழு 2006-ல் மறுபக்கத்தைக் காட்டியது. டி.எல்.ஆர்.-9 தட்டி எழுப்பப்பட்டால் ஐ.டி.ஓ. என்ற நொதியும் கூடவே கிளம்புகிறது. இந்த நொதி டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்கும். டி செல் பெருகுவதற்கு டிரிப்டோஃபான் வேண்டும். அக்கம்பக்கத்தில் அது குறைந்து, சிதைந்த பொருட்கள் சேர்ந்தால் தாக்கும் டி செல்கள் அடங்குகின்றன. ஒழுங்குபடுத்தும் டி செல்கள் பிறக்கின்றன. அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூக்கின்-10 சுரக்கிறது.

இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. வழக்கமாகத் தாக்கச் சொல்லும் டென்ட்ரிடிக் செல் ஒரு வகை, பொறுக்கச் சொல்லும் டென்ட்ரிடிக் செல் வேறொரு வகை. எலிகளில் செய்த அந்தச் சோதனையில் தைமோசின் ஆல்பா-1 பட்ட டென்ட்ரிடிக் செல்கள் இரண்டு வேலையையும் சேர்ந்தே செய்தன: பூஞ்சைக்கு எதிர்ப்பு கிளம்பியது, அது எல்லை மீறாதபடி அடக்கும் ஏற்பாடும் பக்கத்திலேயே உருவானது. நுரையீரலில் பூஞ்சைத் தொற்று வந்தவரைப் பூஞ்சை மட்டும் கெடுப்பதில்லை. அதைத் துரத்தப் போய் நம் வெள்ளையணுக்கள் செய்யும் சேதமும் சேர்ந்துதான் கெடுக்கிறது. இது தெரிந்தவர்களுக்கு அந்த முடிவின் அருமை புரியும்.

ஆனால் அந்த உற்சாகத்தில் எல்லாவற்றையும் நம்பிவிடாதீர்கள். இதே பெப்டைடு, நுரையீரலில் கெட்டிச் சளி சேரும் பிறவி நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் பழுதான சி.எஃப்.டி.ஆர். புரதத்தையே சரிசெய்கிறது என்று 2017-ல் நேச்சர் மெடிசின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. அடுத்த வருடமே வேறொரு குழு, மூச்சுக்குழாய் செல்களில் செய்துபார்த்து, அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதியது. தேர்வில் இந்தப் பகுதியைத் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். செப்சிஸ் நோயாளிகளுக்குத் தைமோசின் கொடுத்தால் பிழைக்கிறார்கள் என்று ஒரு பயிற்சி வகுப்பில் கேள்விப்பட்டேன். நிஜமா?

பழைய தகவல். செப்சிஸ் என்பது தொற்றுக்கு உடம்பு காட்டும் எதிர்வினை தறிகெட்டு உறுப்புகளையே கெடுக்கும் நிலை. 2013-ல் சீனாவில் அந்த நோயாளிகள் 361 பேரிடம் நடந்த ஆய்வில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் தைமோசின் பெற்றவர்களில் 26 சதவீதம், மற்றவர்களில் 35 சதவீதம். பார்த்ததும் எல்லோருக்கும் ஆசை வந்தது. ஆனால் அந்த ஆய்வில் எந்த நோயாளிக்கு எது போகிறது என்று மருத்துவர்களுக்கே தெரியும். புள்ளிவிவரமும் விளிம்பில்தான் நின்றது. ஆகவே அதே நாட்டில் 22 மருத்துவமனைகளில், 1,106 பேரிடம், யாருக்கு மருந்து யாருக்கு வெற்று ஊசி என்பது யாருக்கும் தெரியாமல் மறுபடி செய்தார்கள். 2025-ல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் முடிவு வந்தது: 23.4 சதவீதம், 24.1 சதவீதம். வித்தியாசமே இல்லை.

முந்தின கேள்விக்கு அவ்வளவு நேரம் விளக்கிய இயக்கம் பொய்யாகிவிட்டதா என்றால் இல்லை. செப்சிஸ் என்று ஒரே பெயரில் படுத்திருப்பவர்களில் ஒருவருக்கு எதிர்ப்பு மண்டலம் கொதித்துக்கொண்டிருக்கும், பக்கத்துப் படுக்கைக்காரருக்குச் செத்துக் கிடக்கும். ஒரே நோயாளியிடமே நாலு நாளில் ஒன்று மற்றொன்றாக மாறும். எல்லோருக்கும் ஒரே ஊசியைப் போட்டு ஒரே பலனை எதிர்பார்த்தால் கணக்கு இப்படித்தான் முடியும் என்பது என் கருத்து. யாருக்குப் பலிக்கும் என்று பிரித்துப் பார்க்க இன்னும் ஆய்வு வேண்டும். அதுவரை உங்கள் வார்டில் ஆன்டிபயாடிக்கை நேரத்துக்குப் போடுவதுதான் உயிர் காக்கும்.

கேள்வி: கணவருக்கு முடக்குவாதம். ரத்தத்தில் தைமோசின் குறைந்தவர்களுக்குத்தான் இந்த நோய் வரும், ஊசி போட்டால் போய்விடும் என்று ஒருவர் சொன்னார். முயன்று பார்க்கலாமா?

எதிர்ப்பு மண்டலம் நம் உடம்பையே தாக்குவதால் வரும் முடக்குவாதம் (ருமட்டாய்டு மூட்டழற்சி), லூபஸ், சோரியாசிஸ் மூட்டழற்சி நோயாளிகளின் ரத்தத்தில் தைமோசின் ஆல்பா-1 மற்றவர்களைவிடக் குறைவாக இருப்பதாக 2016-ல் இத்தாலியக் குழு ஒன்று வெளியிட்டது உண்மை. ஆனால் குறைந்ததால் நோய் வந்ததா, நோய் வந்ததால் குறைந்ததா, மருந்துகளால் குறைந்ததா? அந்த அளவீடு அதற்குப் பதில் சொல்லாது. ஊசி போட்டால் முடக்குவாதம் போகும் என்று காட்டிய முறையான பெரிய ஆய்வு கிடையாது.

உங்கள் கணவர் மெத்தோட்ரெக்சேட், ஸ்டீராய்டு போன்றவற்றில் இருப்பார் என்று நினைக்கிறேன். எதிர்ப்பு மண்டலத்தை வேண்டுமென்றே அடக்கி வைத்திருக்கும் மருந்துகள் அவை. அந்த நிலையில் அதே மண்டலத்தைத் தொடுகிற இன்னொரு பொருளை வெளியிலிருந்து நுழைப்பது விஷப்பரீட்சை. மாற்று உறுப்பு பொருத்தியவர்களுக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்று மருந்தின் குறிப்பிலேயே எச்சரித்திருக்கிறார்கள், ஏனென்றால் பொருத்திய உறுப்பை உடம்பு நிராகரிக்க நேரலாம். சிறுநீரக மாற்று செய்துகொண்ட இரண்டு வாசகர்களும் இதையே கேட்டிருந்தார்கள். அவர்களுக்கும் இதுதான் பதில்: வேண்டாம்.

கேள்வி: ஹெபடைட்டிஸ் பி-க்கு இது நல்ல மருந்தா?

ஒரு காலத்தில் நம்பிக்கை தந்தது. 1990-களில் தைவானில் நடந்த ஆய்வில் ஆறு மாதம் ஊசி போட்டவர்களிடம் பலன் தெரிந்தது. வேடிக்கை என்னவென்றால் ஊசியை நிறுத்தி மாதக்கணக்கில் ஆன பிறகுதான் நிறைய பேருக்கு வைரஸ் குறைந்தது. வைரஸை நேரடியாகக் கொல்லாமல் எதிர்ப்பு மண்டலம் வழியாக வேலை செய்யும் பொருளிடம் அப்படித் தாமதத்தை எதிர்பார்க்கலாம். அமெரிக்காவில் செய்தபோது அந்தப் பலன் உறுதிப்படவில்லை. இன்றைக்கு டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் இருக்கின்றன. தினம் ஒரு மாத்திரை, வைரஸை நன்றாகக் கட்டுப்படுத்தும். உங்கள் மருத்துவர் அதைத் தந்திருந்தால் அதிலேயே இருங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி: ஊசி பயம். மாத்திரையாக, பொடியாகக் கிடைக்கிறதே, அது போதாதா?

வயிறு அதைச் சாதாரணப் புரதம்போலச் செரித்துவிடும். காசு உங்களுடையது.

கேள்வி: தடகள வீரரான என் மகனிடம் பயிற்சியாளர் "தைமோசின்" சிபாரிசு செய்கிறார். காயம் சீக்கிரம் ஆறுமாம்.

அவர் சொல்வது ஆல்பா-1 அல்ல, பீட்டா-4 ஆக இருக்கும். 43 அமினோ அமிலங்கள் கொண்ட வேறொரு பெப்டைடு. செல்லுக்குள் ஆக்டின் என்ற புரதத்தைப் பிடித்து வைப்பது அதன் வேலை. கன்றின் தைமஸ் கலவையை மின்புலத்தில் பிரித்தபோது அமிலப் பக்கம் நின்றவற்றுக்கு ஆல்பா என்றும், அடுத்து நின்றவற்றுக்குப் பீட்டா என்றும் வரிசைப்படி பெயர் வைத்தார்கள். உறவு அதோடு சரி. தைமோசின் பீட்டா-4-ம் அதிலிருந்து வந்த டி.பி.-500-ம் உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் இருக்கின்றன. சோதனையில் மாட்டினால் போட்டிகளிலிருந்து விலக்கிவிடுவார்கள். தண்டனை மகனுக்குத்தான் முதலில் விழும்.

கேள்வி: என் குழந்தைக்குப் பிறந்த மூன்றாம் மாதம் இதய அறுவை சிகிச்சை நடந்தது. அப்போது தைமஸை எடுத்துவிட்டதாக டிஸ்சார்ஜ் தாளில் இருக்கிறது. இப்போது நான்கு வயது. தூக்கமே வரவில்லை. தைமோசின் ஊசி போட்டால் ஈடுகட்ட முடியுமா?

ஊசி ஈடுகட்டாது. அது ஏன் என்று சொல்கிறேன், கூடவே ஏன் நீங்கள் தூங்கலாம் என்பதையும் சொல்கிறேன்.

குழந்தையின் தைமஸ் நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்கு மேலே, அகலமாகப் படர்ந்திருக்கும். இதயத்தை எட்ட அறுவை மருத்துவர் பெரும்பாலும் அதை முழுதாகவோ பகுதியாகவோ எடுக்க வேண்டியிருக்கிறது. கவனக்குறைவால் நடந்ததல்ல.

மாணவர்களுக்கு இரண்டு கண்ணாடித் தகடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவேன். ஒன்று கைக்குழந்தையின் தைமஸ். நுண்ணோக்கியில் ஓரமெல்லாம் கருநீலம், இளம் டி செல்கள் இடைவெளியே இல்லாமல் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். நடுவில் வெளிர் நிறம், அங்கங்கே வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியதுபோல ஹாசல் உருண்டைகள். மற்றது முதியவருடையது: கொழுப்புச் செல்களின் வெள்ளை வெற்றிடம், நடுநடுவே நீலத் திட்டு. எல்லோருடைய தைமஸும் பருவ வயதுக்குப் பிறகு அந்த இரண்டாவது தகட்டை நோக்கித்தான் போகிறது.

முதல் தகட்டில் நெருக்கியடிக்கும் அந்தச் செல்களில் 100-க்கு 95-க்கு மேல் தைமஸை விட்டு வெளியே வருவதே இல்லை. நம் உடம்பையே தாக்கக்கூடியவை, எதற்கும் உதவாதவை எல்லாம் உள்ளேயே மடிகின்றன. இந்தச் சலிப்பைச் செய்வது தைமஸில் இருக்கும் செல்கள். ஒவ்வொரு டி செல்லையும் தொட்டுப் பார்த்துச் செய்கின்றன. 28 அமினோ அமிலச் சங்கிலி ஒன்று ரத்தத்தில் இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு அந்த வேலையைச் செய்துவிட முடியாது.

1961-ல் லண்டனில் ஜாக் மில்லர் பிறந்த உடனே தைமஸ் எடுத்த எலிக்குட்டிகள் நோஞ்சானாகித் தொற்றில் இறந்ததைக் காட்டினார். இணையத்தில் நீங்கள் அதைப் படித்துப் பயந்திருக்கலாம். எலி வேறு. மனிதக் குழந்தை பிறக்கும்போதே ஏராளமான டி செல்கள் தைமஸை விட்டுக் கிளம்பி உடம்பெங்கும் குடியேறியிருக்கும். சிறு வயதில் தைமஸ் எடுத்த குழந்தைகளின் ரத்தத்தில் புதிய டி செல்கள் குறைவாக இருப்பது உண்மைதான். ஆனாலும் பெரும்பாலானவர்கள் மற்ற குழந்தைகளைப்போலவே வளர்கிறார்கள். சிலருக்கு மிச்சமிருந்த துணுக்கு மறுபடி வளர்வதும் உண்டு. பெரியவர்களிடம் தைமஸ் எடுப்பதைப் பற்றி 2023-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் கவலைக்குரிய ஆய்வு ஒன்று வந்தது. அது வேறு வயது, வேறு நோயாளிகள், உங்கள் குழந்தைக்கு அப்படியே பொருத்தாதீர்கள்.

பிறவியிலேயே தைமஸ் இல்லாத குழந்தைகளுக்கு எதைக் கொடுக்கிறார்கள் தெரியுமா? தைமோசின் ஊசி அல்ல, தைமஸ் திசுவையே. ஆய்வகத்தில் வளர்த்த மெல்லிய துண்டுகளைத் தொடைத் தசையில் பதிக்கிறார்கள். 2021-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அந்தத் திசு வருவது இதய அறுவை சிகிச்சையின்போது கைக்குழந்தைகளிடமிருந்து எடுத்த தைமஸிலிருந்துதான்.

நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. பிறவி இதயக் கோளாறுகளில் சில, 22-ஆம் குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாததால் வருபவை. டிஜார்ஜ் நோய்க்குறி என்பார்கள். அந்தக் குழந்தைகளுக்கு டி செல் குறைபாடும் இருக்கலாம். இதற்குச் சோதித்தார்களா என்று இதய மருத்துவரிடம் கேளுங்கள். அடுத்து, குழந்தைநல மருத்துவரிடம் டிஸ்சார்ஜ் தாளைக் காட்டித் தடுப்பூசி அட்டவணையைச் சரிபாருங்கள். உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசி ஏதாவது பாக்கியிருந்தால், அதற்கு முன் டி செல் எண்ணிக்கை பார்க்க வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்வார். மற்ற தடுப்பூசிகளைத் தள்ளிப்போட வேண்டாம்.